ஏறுற பக்கத்துக் கதவு

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. நீ எப்படி இருக்கிறாய், உன் மனைவிக்குக் கழுத்து வலி குறைந்ததா என்று எழுது. போனில் பேசினால் நாம் இரண்டு பேரும் ஐந்து நிமிடத்துக்குள் கத்த ஆரம்பித்துவிடுகிறோம் என்று அவள்தான் இந்த ஏற்பாட்டைச் செய்தாள்: இனிமேல் கடிதம், போன் உயிர் போகிற காரியத்துக்கு மட்டும். நல்ல யோசனைதான். கடிதத்தில் நீ நடுவில் பேச முடியாது.

கடைசியாகப் போனில் நீ சொன்னதை நான் மறக்கவில்லை. "இந்த வயசுல பகடை உருட்டி பூதம் பிசாசுன்னு விளையாடறியே, வெக்கமா இல்லையா?" இல்லை. வாரம் முழுக்க மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறேன். சனிக்கிழமை மதியம் மட்டும் என் வீட்டு வட்டமேசையில் நாலு பேர் உட்காருவோம். நீ ஒருநாளும் விசாரித்ததில்லை, அதனால் நானே சொல்கிறேன். நான் நடுவர். மற்ற மூன்று பேரும் ஒரு பாழடைந்த சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். அவர்கள் கண்ணுக்கு என்ன தெரிகிறது என்று சொல்வேன். பிறகு "என்ன பண்றீங்க?" என்று கேட்பேன். அவர்கள் யோசித்துப் பதில் சொல்வார்கள். அது நடக்குமா என்று சந்தேகம் வந்தால் பகடை. இதுதான் ஆட்டம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

அந்தக் கூட்டம் கலைந்துவிட்டது. வாத்தியார் போன வருடம் காலமானார். பல் டாக்டர் மகள் வீட்டோடு போய்விட்டார். எங்கள் கடைக் காசாளர் சாகவும் இல்லை, எங்கும் போகவும் இல்லை, இதே ஆட்டத்தின் புது முறைக்கு மாறிவிட்டார். அதில் ஆளாளுக்கு நாலு பக்கம் திறமைகளாம், யாரும் லேசில் சாவதில்லையாம். "உங்க ஆட்டத்துல கதவைத் திறந்தாலே செத்துப்போறோம் மேடம்" என்கிறார். பார்க்காமல் திறந்தால் சாகத்தான் வேண்டும்.

மேசை சும்மா கிடப்பதைக் கீழ்வீட்டுத் தையல்காரம்மா பார்த்துவிட்டார். துணி வெட்ட அளவாக இருக்குமாம். ஜூலைக் கடைசிக்குள் எனக்கு ஆட ஆள் கிடைக்காவிட்டால் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த மேசை போனால் நான் சனிக்கிழமையும் லென்ஸ்தான் தேய்க்க வேண்டும்.

ஆள் தேடி இணையத்தில் ஒரு குழுவில் சேர்ந்தேன். பழைய முறைக்காரர்களுக்கென்றே உள்ள குழு. வாசலில் 'அனைவரையும் வரவேற்கிறோம்' என்று பலகை. உள்ளே போய், ஆட இடம் இருக்கிறதா என்று கேட்டேன். ஒருவன், "முதல்ல ரூல்ஸ் படிச்சிட்டு வா ப்ரோ" என்றான். நான் ப்ரோ இல்லை, பெண் என்றேன். இன்னொருவன் "ஆதாரம்?" என்றான். என்ன ஆதாரம் காட்டச் சொல்கிறான் இவன்? பதில் எழுதுவதற்குள் முப்பது பேர் சிரிக்கிற படம் போட்டு, என்னை வெளியே விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். இதுதான் வரவேற்பா?

வயிறு எரிகிறது. மீதி பிறகு. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே குறைவில்லை. கழுத்து வலிக்கு அவள் தலையணையை மாற்றினாள். பழையதை எனக்குக் கொடுத்தாள். இப்போது வலி எனக்கு. உன் முழங்காலுக்கு மாடிப்படி ஆகாது, ஒரு நாளைக்கு ஒரு தடவைக்கு மேல் இறங்காதே.

உன் கடிதத்தைக் கிரேன் கேபினில் வைத்துப் படித்தேன். கப்பல் வரத் தாமதமானதால் துறைமுகமே சும்மா கிடந்தது. மேசையைத் தையல்காரம்மாவுக்கே கொடுத்துவிடலாம் என்பது என் அபிப்பிராயம். அவராவது அதில் உருப்படியாக ஏதாவது செய்வார். கோபித்துக்கொள்ளாதே, நீதானே கேட்டாய். கேட்கவில்லையா? சரி.

அந்தக் குழுவின் பெயர் என்ன? சும்மா தெரிந்துகொள்ளத்தான். நல்ல குழு என்றால் எப்படி இருக்க வேண்டும், எதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்வாய்? அதையும் எழுது. எனக்கு இங்கே சனிக்கிழமைகளில் படிக்க ஒன்றும் இல்லை. அவளுக்கு ஆஸ்பத்திரியில் சனிக்கிழமை டியூட்டி போட்டுவிட்டார்கள்.

தம்பி


பிப்ரவரி 20

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உன் கழுத்துக்கு ஒரு துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு படு, போதும். தலையணைக்காக மனைவியிடம் சண்டைக்குப் போகாதே, ஜெயிக்க மாட்டாய்.

என் மேசையைப் பற்றி உன் அபிப்பிராயத்தை நான் கேட்கவில்லை. கேட்காததற்கும் பதில் சொல்கிற வழக்கம் உனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு.

இரண்டாவது குழுவுக்குப் போனேன். அங்கே சேர ஒரு பரீட்சை. பழைய புத்தகத்தில் எந்தப் பக்கத்தில் எந்தப் பூதம் என்று கேள்வி. எழுதித் தேறினேன். பிறகு எப்படி ஆட்டம் நடத்துவீர்கள் என்று கேட்டார்கள். சொன்னேன். "நீங்க இத்தனை வருஷமா தப்பா ஆடியிருக்கீங்க" என்று ஒரு பெரிய மனிதர் தீர்ப்பு வழங்கினார். என் வீட்டில், என் மேசையில், என் டீயைக் குடித்துக்கொண்டு வாத்தியார் அத்தனை சனிக்கிழமை சிரித்தாரே, அதெல்லாம் தப்பாம். நான் இரண்டு வார்த்தை பதில் சொன்னேன். வெளியே தள்ளிவிட்டார்கள். மூன்றாவது குழு இன்னும் மோசம். அங்கே யாரும் ஆடுவதே இல்லை. யார் உண்மையான பழைய முறைக்காரர் என்று அடித்துக்கொள்கிறார்கள். புதிதாக ஒரு பெண் வந்து, பகடை எங்கே கிடைக்கும் என்று கேட்டது. அதை அழ வைத்து அனுப்பினார்கள். அழுதது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே, தெரியும். அவர்களையும் திட்டினேன். அங்கிருந்தும் வெளியே.

மூன்று குழுவின் பெயரையும் தனித் தாளில் எழுதியிருக்கிறேன். பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாயோ. நல்ல இடம் என்று எதைச் சொல்வேன் என்று கேட்டாய். பெரிதாக ஒன்றும் இல்லை. "என்ன பண்றீங்க?" என்று கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை காத்திருக்கத் தெரிந்தவர்கள் இருக்கிற இடம். அவ்வளவுதான். அது எங்கேயும் இல்லை.

தையல்காரம்மா நேற்று வந்து மேசையை அளந்துகொண்டு போனார். நான் பக்கத்தில் நிற்கும்போதே, டேப்பை வைத்து.

உன் அக்கா


ஏப்ரல் 5

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை. உடம்புக்கு ஒன்றும் இல்லை, பயப்படாதே. துண்டு வைத்துப் படுத்ததில் கழுத்து சரியாகிவிட்டது.

எங்கள் கிரேன் மெக்கானிக்கின் மச்சான் ஒருவன் இந்த மாதிரி ஆட்டத்தில் பைத்தியம். அவனிடம் உன் கதையைச் சொன்னேன். அவன் ஒரு குழுவின் முகவரி கொடுத்தான். இதோடு வைத்திருக்கிறேன். மொத்தமே நாற்பது பேர்தான். நடத்துகிறவர் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எல்லோரும் தபால்காரர் என்றே கூப்பிடுகிறார்கள். புதிதாக யார் வந்தாலும் என்ன தெரியும் என்று கேட்பதில்லை, எப்போது வசதிப்படும் என்றுதான் கேட்கிறார்கள். தெரியாமல் கேட்கிற கேள்விக்குச் சிரித்தால், சிரித்தவருக்கு ஒரு வாரம் பேச அனுமதி கிடையாது. நீ சொன்ன மூன்று குழுவும் வேண்டவே வேண்டாம். இரண்டாவதில் அந்தப் பெரிய மனிதர் என்னை, அவனை, முட்டாள் என்று சொல்லி அனுப்பிவிட்டாராம்.

போய்ப் பார். பிடிக்காவிட்டால் விட்டுவிடு. மெக்கானிக்கின் மச்சானிடம் சொல்லிக்கொள்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒன்றரை மாதம் பதிலே இல்லை என்றால் இங்கே ஒருத்தி என்ன நினைப்பாள் என்று யோசித்தாயா? வேலையாம். கடைசிப் பாராவில் 'என்னை' என்று எழுதி, அடித்து, 'அவனை' என்று மாற்றியிருக்கிறாய். மை வழிந்து பின்பக்கம் வரை இறங்கிவிட்டது. ஒரு கடிதத்தைக் கவனமாக எழுதக்கூட உனக்குப் பொறுமை கிடையாது.

அந்தக் குழுவுக்குச் சண்டைக்குத் தயாராகத்தான் போனேன். உள்ளே நுழைந்ததும் ஒருவர், "வாங்க, மெதுவா வாங்க, படி ஈரமா இருக்கு" என்று எழுதினார். பெயர் பந்தம். சுரங்கத்தில் தீப்பந்தம் தூக்குகிற கூலியாளாக ஆடுகிறார், அதனால் அந்தப் பெயர் போலிருக்கிறது. சிரிப்பு வந்துவிட்டது. சண்டைக்கு வந்தவளுக்கு முதல் வரியிலேயே சிரிப்பு வந்தால் கோபம் வராதா?

அங்கே யாரும் பேசுவதில்லை, எல்லாம் எழுத்தில்தான். ஏன் என்று கேட்டேன். தபால்காரருக்குக் காது கேட்காது. அவர் ஒருவருக்காக நாற்பது பேரும் எழுதுகிறார்கள், அதை யாரும் பெரிதாகச் சொல்லிக்கொள்வதும் இல்லை. ஒரு கைக்குழந்தைக்காரி இருக்கிறாள், குழந்தையை ஒரு கையில் வைத்துக்கொண்டு மறுகையால் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறாள். அவள் முடிக்கும்வரை எல்லோரும் காத்திருக்கிறார்கள். மருந்துக்கடைக்காரர் ஒருவர், கடைக்கு ஆள் வந்தால் வாளை உருவிய நிலையிலேயே எழுந்து போய்விடுவார். அவருக்காகவும் காத்திருக்கிறார்கள். அப்படியானால் இது முடிகிற காரியம்தானே? மற்ற மூன்று குழுவுக்கும் என்ன கேடு? அதை நினைத்தால்தான் ஆத்திரமாக வருகிறது.

இவர்களுக்கு நடுவர் இல்லை. என்னைக் கேட்டார்கள். இனி சனிக்கிழமை மதியம் நான்தான். பந்தமும் என் மேசையில்தான். வட்டமேசை முழுக்கப் படத்தை விரித்து, லேப்டாப்பை ஓரமாக வைத்துக்கொண்டு உட்காருகிறேன். பகடையை நான் உருட்டிச் சொன்னால் நம்புகிறார்கள். எல்லோரையும் 'நீங்க' என்றுதான் கூப்பிட வேண்டும் என்று முதலிலேயே சட்டம் போட்டுவிட்டேன், ப்ரோ எல்லாம் நடக்காது. பந்தம் ஒரு மணி நேரம்தான் எரியும், அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட விட மாட்டேன் என்பது இரண்டாவது சட்டம்.

மெக்கானிக்கின் மச்சானுக்கு என் நன்றியைச் சொல்.

உன் அக்கா


மே 12

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே இருவரும் சுகம். உன் முழங்கால் பற்றி நீ எழுதவில்லை, அதனால் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்கிறேன்.

குழு பிடித்துப்போனதில் சந்தோஷம். மச்சானிடம் நன்றியைச் சொல்லிவிட்டேன், தலையாட்டினான். அந்தக் கல் நாயைச் சுற்றிக்கொண்டு போயிருந்தால் மருந்துக்கடைக்காரருக்கு வாள் உடைந்திருக்காது என்பது என் எண்ணம். ஆனால் நீ அந்த நாயின் கண்ணைப் பற்றிச் சொன்ன விதத்தில் யாருக்கும் அதைத் தொட்டுப் பார்க்கத்தான் தோன்றும்.

உன் தம்பி மனைவி நேற்று என்னிடம், "முன்னெல்லாம் சனிக்கிழமை வீட்டுக்கு வந்தா மூஞ்சியத் தூக்கி வெச்சிருப்பீங்க, இப்ப என்ன?" என்று கேட்டாள். வெயில் குறைந்துவிட்டது என்றேன்.

தம்பி


ஜூன் 3

அன்புள்ள தம்பிக்கு,

நலம், முழங்காலை விடு. உனக்குக் கல் நாயைப் பற்றி எப்போது எழுதினேன் என்று யோசித்துப் பார்க்கிறேன், நினைவில்லை. எழுதியிருப்பேன், வயதாகிறது.

இந்தக் கடிதம் முழுக்கப் பந்தம் என்கிற அந்த ஆளைப் பற்றித்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டேன்.

எங்கள் ஆட்டத்தில் ஒருவர் படம் வரைய வேண்டும். நான் சொல்லச் சொல்ல, எந்த அறைக்குப் பக்கத்தில் எந்த வழி என்று வரைவதுதான் அந்த வேலை. அந்தப் படத்தை நம்பித்தான் எல்லோரும் ஓடுவார்கள். யாரும் முன்வராததால் பந்தம், "நான் வரையறேன்" என்றார். போன சனிக்கிழமை பின்னால் எலிப் படை துரத்துகிறது. இடது பக்கம் படிக்கட்டு, வலது பக்கம் கிணறு என்று முன்பே தெளிவாகச் சொல்லியிருந்தேன். இந்த மகானுபாவர் மாற்றி வரைந்து வைத்திருக்கிறார். மூன்று பேரும் வரிசையாகக் கிணற்றுக்குள். தபால்காரரின் ஆளும் மருந்துக்கடைக்காரரின் ஆளும் செத்தே போனார்கள். மேலே பந்தம் மட்டும் நிற்கிறார். "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணும் பண்ணலங்க. பந்தம் பிடிச்சிட்டு நிக்கறேன்" என்கிறார். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இது முதல் தடவையும் இல்லை. ஒவ்வொரு வாரமும் இடம் வலம் தடுமாற்றம். "இடதுன்னா எந்தப் பக்கம்?" என்று பச்சைக் குழந்தை மாதிரி கேட்கிறார். நாமும் அப்படித் தடுமாறியவர்கள்தான், ஆனால் அதற்குக் காரணம் அப்பா. பஸ் ஓட்டினவர், வீட்டிலும் வலதுக்கு டிரைவர் பக்கம், இடதுக்கு ஏறுற பக்கம் என்றே சொல்லி நம்மை வளர்த்தார். உப்பு டப்பா ஏறுற பக்கம், தண்ணீர்க் குடம் டிரைவர் பக்கம். பள்ளிக்கூடத்தில் நாம் வாங்கிய அடி அப்பாவுக்குத் தெரியாது. நான் இடது கண், வலது கண் என்று லென்ஸ் பிரிக்கப் போய்க் கற்றுக்கொண்டேன். நீ அவ்வளவு பெரிய கிரேனையே ஓட்டுகிறாய். இந்த ஆளுக்கு என்ன?

அதைவிட எரிச்சல், மற்றவர்களுக்குக் கோபமே வரவில்லை. செத்துப்போன மருந்துக்கடைக்காரர், "பரவால்ல, கிணத்துல தண்ணி நல்லா இருந்துச்சா?" என்று கேட்கிறார். நல்லவர்களாக இருக்கலாம், அதற்காக இப்படியா? தபால்காரரிடம் சொல்லி அந்த ஆளை என் மேசையிலிருந்து எடுத்துவிடப் போகிறேன். எனக்குக் கிடைத்திருப்பது ஒரே மேசை. அதை ஒரு பூசணிக்காய் கெடுக்க விட மாட்டேன்.

உன் அக்கா


ஜூலை 1

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு சுகம்தான். இந்தக் கடிதத்தை நாலு தடவை ஆரம்பித்துக் கிழித்தேன்.

அந்த ஆளைப் பற்றி எனக்கு என்ன தெரியும். ஆனால் ஒன்று. நான் கிரேன் ஓட்டுவதற்கும் இடம் வலத்துக்கும் சம்பந்தமே இல்லை. எங்களுக்குக் கடல் பக்கம், கரைப் பக்கம், இரண்டே பக்கம்தான். வயர்லெஸில் என்னிடம் பேசுகிறவர்கள் சொல்வதும் மூன்றே வார்த்தை. ஏத்து, இறக்கு, நிறுத்து. எட்டு மணி நேரம் மேலே தனியாக உட்கார்ந்து அதைச் செய்துவிட்டு இறங்கி வருவேன். நீங்க என்ன பண்றீங்க என்று கேட்டுவிட்டு, நான் யோசிக்கும்வரை காத்திருக்க அங்கே யாரும் கிடையாது. வீட்டிலும் இரண்டு பேருக்கும் மாறி மாறி ஷிப்ட்.

அந்த ஆளும் அப்படி எங்கேயோ உட்கார்ந்திருக்கிறவராக இருக்கலாம். கேட்டதும் என்ன சொல்வது என்று தெரியாமல் பந்தம் பிடிக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். உண்மையில் அவர் பிடித்துக்கொண்டுதானே நிற்கிறார்? அவர் வெளிச்சத்தில்தானே மற்றவர்கள் கதவைப் பார்க்கிறார்கள்? கிணற்றையும் பார்த்திருக்க வேண்டும், அது சரிதான்.

உன்னை மூன்று இடத்தில் வெளியே அனுப்பினார்கள். உனக்கு எப்படி இருந்தது என்று நீதான் எழுதினாய். இருந்தாலும் மேசை உன்னுடையது. நீ சொன்னால் அவர் போய்விடுவார் என்று நினைக்கிறேன்.

தம்பி


ஜூலை 16

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நான் எங்கே உன்னை வக்கீலாக வைத்தேன்? அந்த மூன்று குழுவோடு என்னைச் சேர்க்கிறாயா? அவர்கள் ஒன்றும் தெரியாதவர்களைத் துரத்தினார்கள். நான் ஒன்றும் கற்றுக்கொள்ளாதவரை அனுப்புகிறேன். இரண்டும் ஒன்றா?

தபால்காரரிடம் சொன்னேன். "இங்க நாங்க யாரையும் அனுப்பறதில்லம்மா. உங்க மேசை, நீங்களே சொல்லிக்குங்க" என்று எழுதினார். சரி என்று சனிக்கிழமை ஆட்டத்தின் முடிவில் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். உங்களுக்கு இந்த ஆட்டம் சரிப்படாது, வேறு மேசை பார்த்துக்கொள்ளுங்கள் என்று, மரியாதையாகத்தான். அவர் "சரிங்க" என்றார். ஒரே வார்த்தை. ஏன், என்ன தப்பு, எனக்கும் இடம் உண்டு என்று நாலு வார்த்தை எதிர்த்துப் பேச வேண்டாமா? நானாக இருந்தால் கூரையைப் பிரித்திருப்பேன். சரிங்க என்ன சரிங்க! எரிச்சலில் லேப்டாப்பை மூடிவிட்டேன்.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. அதற்கும் அந்த ஆள்தான் காரணம்.

உன் அக்கா


ஆகஸ்ட் 9

தம்பிக்கு,

முந்திய கடிதத்துக்கு உன்னிடமிருந்து பதில் இல்லை. ஏன் இல்லை என்று இப்போது தெரியும். உன் உடம்பைப் பற்றி இந்தத் தடவை விசாரிப்பதாக இல்லை.

நடுவில் நான் ஆட்டமே வைக்கவில்லை, போன சனிக்கிழமைதான் மறுபடி கூடினோம். கடைசி ஆட்டத்தில் செத்தவர்களுக்குப் புது ஆள், புதுப் பெயர். யாருடைய கையிலும் வெளிச்சம் இல்லை. "இருட்டா இருக்கு, என்ன பண்றீங்க?" என்று கேட்டேன். மருந்துக்கடைக்காரர், "பந்தம் வெச்சிட்டுப் போனதை எடுத்துக்கறேன்" என்றார். எதை என்று கேட்டேன். நான் லேப்டாப்பை மூடிய பிறகு அந்த ஆள் இன்னும் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போயிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் அதைத் தேடி எடுத்துப் போட்டார். "பந்தத்தை ஏறுற பக்கத்துக் கதவுகிட்ட சொருகி வெச்சிருக்கேன். யாரும் இருட்டுல நிக்க வேணாம்."

"அது எந்தப் பக்கம்?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. இடது கைப் பக்கம் என்று உடனே சொல்லிவிட்டேன். கைக்குழந்தைக்காரி மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, "உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டாள். "எங்க வீட்ல அப்படித்தான் சொல்லுவோம்" என்று எழுதினேன். எழுதிவிட்டு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் அப்படிச் சொல்கிற வீடு ஒன்றுதான். அதில் பாக்கி இருக்கிறவர்கள் இரண்டு பேர்தான்.

நன்றாக இருக்கிறதடா. மெக்கானிக்கின் மச்சானாம். அவனுக்கு நான் நன்றி வேறு சொல்லி அனுப்பினேன், அவன் தலையாட்டினானாம். அடித்த 'என்னை', எழுதாத கல் நாய், குறைந்துபோன வெயில், எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்துப் படித்தேன். தலையில் அடித்துக்கொண்டேன். லென்ஸில் மயிரிழைக் கீறலைக் கண்டுபிடிக்கிறவள் நான், என் கண்ணில் நீ மண்ணைத் தூவியிருக்கிறாய்.

தபால்காரரைப் பிடித்து உலுக்கினேன். சொல்ல மாட்டேன் என்றார், பிறகு சொன்னார். மார்ச் நடுவில் நீ அங்கே போய்ச் சேர்ந்தாயாம். அதற்கு முன்பே என்னைத் துரத்திய மூன்று குழுவிலும் நீயும் போய் உட்கார்ந்து அடி வாங்கிவிட்டு வந்தாயாம். அவரிடம் நீ எழுதியதை எனக்கு அப்படியே காட்டினார். "எங்க அக்கா ஒருத்தங்க வருவாங்க. கோவமா வருவாங்க. அவங்க கேள்வி கேட்டா பதில் வர்ற வரைக்கும் காத்திருப்பாங்க, நீங்களும் அவங்களுக்காகக் காத்திருங்க. நான் யாருன்னு மட்டும் சொல்லாதீங்க, விளையாட்டைப் பத்தி நான் ஏற்கெனவே தப்பாப் பேசிட்டேன்."

படித்துவிட்டு அழுதேன். எழுதிவிட்டேன், போ. உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

ஆனால் கோபம் போகவில்லை. மன்னிப்பும் கேட்க மாட்டேன். மாதக்கணக்காக உன்னைப் போய் 'நீங்க வாங்க' என்று கூப்பிட வைத்தாயே, பிறந்ததிலிருந்து உனக்கு அந்த மரியாதையை யாராவது கொடுத்திருக்கிறார்களா? நான் உன்னை வெளியே போகச் சொன்னால், நீ சரிங்க என்று போய்விடுவாயா? சின்ன வயதில் ஒரு ஜன்னல் சீட்டுக்கு என் கையைக் கடித்தவன் நீ. அந்த இடத்தில் நான்தான் உட்கார்ந்திருக்கிறேன் என்று தெரிந்தும் எப்படியடா எழுந்து போக மனசு வந்தது? பந்தம் என்று பெயர் வைத்துக்கொண்டாய், நான் தீப்பந்தம் என்று மட்டும் நினைத்தேன். அதுவும் என் தப்பா?

திட்டித் தீர்க்கலாம் என்று போனை எடுத்தேன். உயிர் போகிற காரியம் இல்லை என்று வைத்துவிட்டேன்.

தையல்காரம்மா ஜூலை முடிந்துவிட்டது என்று ஆளோடு வந்து நின்றார். மேசை கிடையாது, ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனார். இருக்கட்டும்.

நீ சொருகிய பந்தத்தை மருந்துக்கடைக்காரர் எடுக்கப் போனார், நான் தடுத்துவிட்டேன். என் சட்டப்படி அது எப்போதோ அணைந்திருக்க வேண்டும். நடுவர் நான். எரிந்துகொண்டே இருக்கிறது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறேன். காசாளர் கேட்டால் சிரிப்பார், சிரிக்கட்டும். படமும் இனி நீதான் வரைவாய். இடது, வலது என்று சொல்வதை நான் விட்டுவிட்டேன். டிரைவர் பக்கம், ஏறுற பக்கம் என்றால் என்ன என்று மூன்று பேருக்கும் பாடம் நடத்தியாகிவிட்டது. தபால்காரர் இரண்டு தடவை மாற்றிச் சொன்னார். காத்திருக்கிறோம்.

இந்தக் கடிதத்துக்குத் தபாலில் பதில் போடாதே. எல்லோரும் ஏறுற பக்கத்துக் கதவுக்கு முன்னால் நிற்கிறார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் ஏதோ மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறது. பந்தம் எரிகிறது, பிடிக்க ஆள் இல்லை. சனிக்கிழமை மதியம் வந்து மேசையில் எல்லோருக்கும் முன்னால் சொல்.

நீ என்னடா பண்றே?

அக்கா